நிறம் தீட்டாத இதழ்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நான் வெல்டர். கைபேசியில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றின் மேல் எனக்குப் பைத்தியம். பகலெல்லாம் லாரிக்குச் சட்டம் அடித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கைபேசியில் லாரி ஓட்டுகிறவனை மனைவி என்ன சொல்லித் திட்டுவாள் என்பதை இங்கே எழுத முடியாது.

அந்த விளையாட்டில் வருவதெல்லாம் வெளிநாட்டு லாரிகள். அவற்றுக்கு நம்மூர் முகப்பும் பெயின்ட்டும் போட்டுச் சிலர் பகிர்வார்கள். அதை மோட் என்போம். அதைச் செய்கிறவர்களும் ஓட்டுகிறவர்களுமாக ஒரு குழு வைத்திருந்தோம். யாருக்கும் யார் பெயரும் தெரியாது, லாரிப் படம்தான் முகம். ஒருமுறை நடந்த சண்டையில் தாய் தகப்பன்வரை இழுத்துவிட்டதால், குழுவை நடத்துகிறவர் சட்டம் போட்டார். கெட்ட வார்த்தை கூடாது, ஒருமை கூடாது, மீறினால் வெளியே.

எனக்கு அது வசதியாகப் போயிற்று. கெட்ட வார்த்தை எனக்கு எப்போதும் தேவைப்பட்டதில்லை. எந்த மோட் வந்தாலும், பட்டறைக்காரன் என்பதால், என் வாய்க்காகக் காத்திருப்பார்கள். நான் நல்லாயிருக்குங்க என்றால் எல்லோரும் இறக்கிக்கொள்வார்கள். இல்லையென்றால் ஒருவரும் தொடமாட்டார்கள். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது.

எட்டு மாதமாக ஒருவர் எங்கள் ஊர் லாரி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். முகப்பை ஒருநாள் போடுவார், பக்கப் பலகையை இன்னொருநாள் போடுவார். பார்த்தவர்களுக்கு எச்சில் ஊறியது. இதுவரை இப்படி ஒன்று வந்ததில்லை என்று ஏற்றிவிட்டவர்களில் நானும் ஒருவன். ஒருமுறை அவர் எழுதினார்: "இப்ப பாக்குற வேலைய விடலைன்னா நெஞ்சு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இது நல்லா வந்துட்டா, ஆளுங்க கேக்குற மாதிரி மோட் செஞ்சு குடுத்தே பொழச்சுக்கலாம்னு இருக்கேன்." நான் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லாரி வந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிந்தது. பட்டறையில் எந்த வேலையை யார் செய்தாலும் முதலாளிதான் பெயர் வாங்குவார். இந்தக் குழு ஒன்றில்தான் எனக்கு மரியாதை. அதையும் இந்த ஆள் கொண்டுபோய்விடுவாரோ என்று வயிறு எரிய ஓட்டிக்கொண்டே, சுற்றிச் சுற்றிக் குறை தேடினேன். பின்கதவில் ஒரு தாமரை. அதன் இடது ஓரத்தில், கீழிருந்து இரண்டாவது இதழுக்கு நிறம் தீட்டவில்லை.

எழுதினேன்: "வணக்கமுங்க. தங்கள் உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் எட்டு மாதம் காத்திருந்தவர்களுக்கு ஒரு பூவைக்கூட முழுதாகக் கொடுக்க மனம் வரவில்லை போலிருக்கிறது. தங்கள் உடல்நிலைக்காக வருத்தப்படலாமுங்க, வேலையைப் பாராட்ட முடியாதுங்க."

சிரிப்புப் படங்கள் கொட்டின. பிறகு ஆளாளுக்கு வந்து, சக்கரம் சரியில்லைங்க, ஹாரன் சரியில்லைங்க என்று மிகுந்த பணிவோடு மிதித்தார்கள். "மன்னிக்கணும், சரி பண்ணித் தரேன்" என்று அவர் எழுதினார். எனக்கு அதோடு விட மனமில்லை. "சிரமப்பட வேண்டாமுங்க. எல்லா வேலையும் எல்லாருக்கும் வராதுங்க" என்று போட்டேன். சாயங்காலத்துக்குள் அவர் மோட்டை அழித்துவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறியிருந்தார். குழுவை நடத்துகிறவர், விவாதம் நாகரிகமாக நடந்ததற்கு எல்லோருக்கும் நன்றி சொன்னார்.

அந்த வாரம் புதன்கிழமை, பரமத்தி வேலூரிலிருந்து ஓனர் ஒருவர் தன் புது லாரியை எடுக்க வந்தார். எங்கள் பட்டறைக்கு ஆத்தூர்ப் பக்கமிருந்து வந்து ஒரு மாதமே ஆன பெயின்டர் தீட்டிய முதல் லாரி அது. ஓனர் வண்டியைச் சுற்றி வந்து பின்கதவில் நின்றார்.

"ஏனுங்க, இந்த எதழு உட்டுப்போச்சுங்களே?"

"அடடா, ஆமாங்க" என்று பெயின்டர் பிரஷ்ஷோடு ஓடி வந்து, அவர் கண்ணெதிரே அதற்குச் சிவப்பு வைத்தார். ஓனருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பெயின்டர்கள் வேண்டுமென்றே செய்வது இது. வாங்குகிறவர் எப்படியும் ஒரு குறை கண்டுபிடிக்காமல் விடமாட்டார். அதனால் சுலபமாகக் கண்ணில் படுகிற மாதிரி ஒன்றை விட்டுவைப்பார்கள். அவர் அதைச் சொல்லிவிட்டால் மனம் ஆறி, மற்றதை நோண்டமாட்டார். திருஷ்டியும் கழிந்த மாதிரி. பன்னிரண்டு வருடமாக இதைப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இது என் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. வந்தும் எழுதினேன்.

ஆனால் கைபேசியில் பார்த்த அந்தத் தாமரை எங்கள் கொட்டகையிலேயே இருக்கும் என்று நினைக்கவில்லை. அதே இடது ஓரம், கீழிருந்து அதே இரண்டாவது இதழ். டீ குடிக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவருக்கு ஒரு மடக்குக்கு ஒரு இருமல்.

"ஏனுங்ணா, இந்த இருமலோட பெயின்ட் அடிக்கோணுமா? வேற ஏதாச்சும் பாக்கலாமில்ல?"

"பாத்தேன் தம்பி. போன்ல லாரிக்குப் பெயின்ட் பண்ற வேலை ஒன்னு. குழுவுல தொழில் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தாரு. அவருக்காகத்தான் ஒரு எதழ விட்டு வெச்சேன், அதச் சொல்லிட்டு மத்ததப் பாப்பாருன்னு." இருமினார். "எனக்கு வராதுன்னுட்டாரு. தொழில் தெரிஞ்சவரே சொன்னா சரியாத்தான இருக்கும்?"

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது என்றுகூட என்னால் எழுத முடியாது, வரவில்லை.

"ஆருங்ணா அந்தாளு?" என்று கேட்டேன்.

"தெரியல தம்பி. ஆனா ஒரு வார்த்த தப்பாப் பேசல, ரொம்ப மரியாதையான மனுஷன்."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, அவர் பெயின்ட் கொட்டகைக்குள் போனார்.