தங்கூசியில் தொங்கிய அச்சுப்பலகாரம்

மேரிசுகந்தி அக்காவோடு ஒரு வேலையில் இறங்கினால் பாதி நேரம் வேலை, மீதி நேரம் சண்டை. ஊர்காவற்றுறையில் எங்கள் பாலர் பாடசாலையைக் கூட்டித் துடைத்து, பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பவர் அவர். நான் ரீச்சர். ஆனால் அங்கே யாருடைய சொல் எடுபடும் என்று பிள்ளைகளைக் கேட்டால் தெரியும்.

2006 மார்கழி. சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வருகிற பாதை பூட்டி நாலு மாதம். சீனி, மா எல்லாம் சங்கக்கடை வரிசையில் நின்றால்தான். நின்றாலும் கிடைக்கும் என்றில்லை. நத்தார் ஒளிவிழாவுக்கு இம்முறை மரமும் வேண்டாம், ரொபியும் வேண்டாம், பாட்டோடு முடிப்போம் என்று நான் சொல்லியிருந்தேன். இந்த மனுசி என்னைக் கேட்காமலே பிள்ளைகளிடம் வாயை விட்டுவிட்டார்.

"இந்தமுறை எங்கடை மரத்திலை பலகாரம் காய்க்கும். ஆளுக்கொண்டு நீங்களே ஆஞ்சு தின்னலாம்."

அன்றிலிருந்து முப்பத்தொரு பிள்ளைகளும் காலையில் வாசலில் கால் வைத்ததும் அவரிடம் ஒரே கேள்வி. "அன்ரி, காய்ச்சிட்டுதோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் அக்கா ஏலாத வேலைக்குச் சொல்லுக் குடுத்தனீங்கள்?"

"ஆர் சொன்னது ஏலாதெண்டு? இதுகள் பிறந்த நாள் தொடக்கம் தொடாதை, போகாதை, எட்டிப் பாராதை எண்டுதானே வளருதுகள். ஒரு நாளைக்கெண்டாலும் ஆசைப்பட்டதைத் தங்கடை கையாலை புடுங்கித் தின்னட்டும் ரீச்சர்."

கடைசியில் நானும் இறங்கினேன்.

நிவாரண அரிசியை ஊறப்போட்டு இடித்தார். பலகார அச்சு இரவல் வாங்கப் பக்கத்து ஊர் சுருவிலுக்குச் சைக்கிள் உழக்கினது நான். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கரைத்து ஊற்றினார். அது உள்ளே வேகுமுன் வெளியே கருகியது. மா அச்சை விட்டுக் கழல மாட்டேன் என்றது. அரைப் போத்தல் எண்ணெய் போயே போய்விட்டது. "நீர் பக்கத்திலை நிண்டு மூச்சு விடாதையும், அதுதான் ஒட்டுது" என்று என்னில் பாய்ந்தார். நானும் விடவில்லை. அன்று பின்னேரம் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் பனங்கட்டியைக் குறைத்து, அச்சை நன்றாகக் காய்ச்சித் தோய்த்தார். பூப்பூவாக நாற்பது வந்தது. சவுக்கங்கொப்பை வாளி மண்ணில் ஊன்றி, எறும்பு ஏறாமல் வாளியைத் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்தோம். நான் பனையோலையில் நட்சத்திரம் மடித்தேன், பால்மாப் பையின் உட்பக்க வெள்ளித்தாளை வெட்டி ஒட்டினேன். பலகாரத்தைத் தையல் நூலில் கட்டினோம். விடிய வந்து பார்த்தால் நூல் அறுந்து ஆறேழு நிலத்தில் கிடந்தது.

அக்கா வாய்க்கு வந்தபடி நூலைத் திட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினார். புருசன் யாகப்பு அண்ணை தூண்டில் போடுகிற தங்கூசியோடு திரும்பி வந்தார். பாரை மீனுக்கே அறாத நூல். கண்ணுக்குத் தெரியாத அந்த மெல்லிய நூலில் பலகாரம் அந்தரத்தில் நின்றது. வடிவாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. "பாத்தீரோ?" என்றார். ஆறு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான்.

அடுத்த நாள் ஒளிவிழா. பாட்டு முடிந்தது. பிள்ளைகள் முட்டி மோதி மரத்தைச் சாய்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஓம், இப்ப ஆயுங்கோ!" என்றார் அக்கா.

ஒருவரும் அசையவில்லை.

இன்னொரு முறை சொன்னார். வகுப்பிலேயே பெரிய குழப்படிகாரன் றொஜன். அவன் மரத்தைக் கூர்ந்து பார்த்தான். பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அக்காவுக்கு ஏறிவிட்டது. "என்னடா இது? ஒரு கிழமையாய்க் காய்ச்சிட்டுதோ, காய்ச்சிட்டுதோ எண்டு என்ரை உயிரை வாங்கிப்போட்டு?"

"அன்ரி, அதிலை மெல்லிசா நூல் கட்டியிருக்கு. பள்ளிக்கூடத்துக்கு வந்து கண்ணிவெடிப் படம் காட்டின மாமா சொன்னவர், அப்பிடிக் கட்டியிருந்தா இழுக்கக்கூடாதாம். வெடிக்குமாம்."

அக்கா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "இது மீன் புடிக்கிற தங்கூசியெல்லோ மோனை" என்று சொல்லிக்கொண்டு மரத்தடிக்குப் போனார். கடைசி வரிசையிலிருந்த நிமலினி எழும்பி ஓடிவந்து அவருடைய சட்டையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள்.

"கிட்டப் போகாதேங்கோ அன்ரி!"

அந்தப் பிள்ளைக்கு நாலு வயது. எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் கொட்டுவது என்று தெரியவில்லை.

அக்கா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒன்றைப் பிடுங்கிக் கடித்தார். மென்று விழுங்கும் வரைக்கும் அத்தனை கண்களும் அவரையே பார்த்திருந்தன. பிறகு கைகள் நீண்டன, மரத்துக்கல்ல, அவரிடம். "நீங்களே ஆஞ்சு தாங்கோ அன்ரி." ஒவ்வொன்றாக அவரே நூலை அறுத்துக் கொடுத்தார். பிள்ளைகள் ருசித்துத்தான் தின்றார்கள். ஒருத்தரும் கொப்பில் கை வைக்கவில்லை.

பாத்திரம் கழுவும்போது அவர் ஒரே சட்டியைத் திரும்பத் திரும்ப உரஞ்சினார். ஆறுதலாக ஏதும் சொல்வோம் என்று, "அடுத்த வருசம் தடிச்ச சிவப்பு நாடாவிலை கட்டுவம் அக்கா" என்றேன்.

சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பிழை நூலிலையோ ரீச்சர்?"