தரைப்பாலத்துக்கு முன் ஒரு மிஸ்டு கால்

மழை அளக்கிற விஷயத்தில் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது. ஆந்திராவில் புத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் வீடு. மொட்டைமாடியில் மழைமானி, மூங்கிலில் கட்டிய ஆன்டெனா. கீழே அறையில் ரேடியோ, பழைய லேப்டாப், ஒரு கார் பேட்டரி. கல்லூரி லேபில் வேலை பார்த்துக்கொண்டே பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கியவள் நான். எங்கள் குடும்பத்துக்குச் சொந்த நிலம் கிடையாது. மழை எப்போதும் அடுத்தவர் வயலுக்குத்தான் பெய்தது. அந்த மழை எவ்வளவு என்று இன்று என் வீட்டிலிருந்துதான் திருப்பதிக்குச் செய்தி போகிறது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைப்பானேன்?

செய்தி என்பது ஒரு வரிதான். எவ்வளவு மழை, ஓடையில் எவ்வளவு தண்ணீர் என்று தட்டுவேன். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ‘சுர்ர்’ என்று ஒரு சத்தம். ரேடியோ அந்த வரியைத் துண்டு துண்டாக அனுப்பும். திருப்பதியில் ஒரு தெலுங்குப் பெரியவர் வீட்டில் இதே மாதிரி ஒரு செட். செய்தி முழுசாக வந்துவிட்டால் அவருடைய கருவி ‘சேர்ந்தது’ என்று தானே பதில் தரும். சேராவிட்டால் என்னுடையது விடாமல் திரும்பத் திரும்ப அனுப்பும். பேக்கெட் ரேடியோ என்றால் இவ்வளவுதான். அவர் அதைப் படித்துவிட்டு, கீழே எங்கள் ஓடை போய்ச் சேரும் ஆற்றுத் தரைப்பாலத்துக் காவலாளிக்குப் போன் செய்வார். காவலாளி சங்கிலி கட்டிப் பாதையை மறித்துவிடுவார். செல்போன் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்பவர்கள் கார்த்திகையில் எங்கள் ஊரில் நாலு நாள் தங்கிப் பார்க்கட்டும். காற்று கொஞ்சம் வேகமெடுத்தால் கரண்ட் போகும், பின்னாலேயே டவரும் போகும்.

இதையெல்லாம் அதிகம் கேலி செய்தவர் என் வீட்டுக்காரர். புத்தூருக்கும் எங்கள் ஊருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மழைக்காலத்தில் திரும்பும்போது தரைப்பாலத்துக்கு முன்னால் நின்று எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஓடை சாதுவாக இருந்தால் நானும் ஒன்று திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும், “இன்னாமே, உன் டப்பா பர்மிஷன் குட்த்துச்சா?” என்று சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னைச் சீண்டத்தான் இந்த நாடகம், நான் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவர் பாட்டுக்கு வந்துவிடுவார் என்றே நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மலைமேல் மழை. மதியம் மூன்று மணிக்கு ஓடை செம்மண் நிறமாகி மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு வந்தது. மழைமானி நிரம்பி வழிந்தது. எங்கள் ஊர் டவர் செத்துப்போயிருந்தது. அந்தத் தண்ணீர் தரைப்பாலத்தைத் தொட ஒரு மணி நேரம் ஆகும். அவர் ஆட்டோ அங்கே வருவதும் நாலு மணிக்குத்தான். நான் அசரவில்லை. செய்தியைத் தட்டினேன். ‘சேர்ந்தது.’ இன்னொன்று தட்டினேன். ‘சேர்ந்தது.’ வேலை முடிந்தது என்று போய், போண்டாவுக்கு மாவு கரைத்தேன்.

கை மாவில் இருக்கும்போதுதான் உறைத்தது. பெரியவர் ஒற்றை விரலால் தட்டுகிறவர். படித்ததும் ‘சரே அம்மா’ என்று ஐந்து நிமிடம் கழித்தாவது அவர் கையால் ஒரு வரி வரும். அது வரவில்லை. மாவுக் கையோடு ஓடி, அவர் கருவியின் அஞ்சல்பெட்டியை ரேடியோ வழியாகவே திறந்து பார்த்தேன். என் இரண்டு செய்திகளும் பத்திரமாக இருந்தன. இரண்டின் பக்கத்திலும் ‘படிக்கவில்லை’ என்ற குறி.

அன்று திருச்சானூரில் அவர் தங்கை மகளுக்குக் கல்யாணம். ஒரு வாரம் முன்பே எழுதியிருந்தார். நான் வாழ்த்தும் அனுப்பியிருந்தேன். கருவிக்குக் கல்யாணமா காட்சியா? அது பாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் மடச்சி மாதிரி அதை நம்பி உட்கார்ந்திருந்தேன். மைக்கை எடுத்துக் கூப்பிட்டுப் பார்த்தேன். இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. மணி மூன்றே முக்கால்.

ஸ்கூட்டியை எடுத்தேன். தரைப்பாலம் ஆறு கிலோமீட்டர். மழை முகத்தில் அறைந்தது. கும்பிடாத சாமி இல்லை. காணிப்பாக்கத்துக்கு நடந்தே வருகிறேன் என்றுகூடச் சொன்னேன். போய்ச் சேர்ந்தபோது பாலம் இல்லை, பழுப்புத் தண்ணீர்தான் இருந்தது. இரண்டு கரையிலும் சங்கிலி கட்டவில்லை.

பிறகுதான் எதிர்க்கரையில் அந்த மஞ்சள் முகப்பைப் பார்த்தேன். ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஜனங்கள் கைநீட்டி அவரைத் திட்டிக்கொண்டிருந்தது போலிருந்தது. தண்ணீர் போட்ட சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஸ்கூட்டி விளக்கைப் போட்டு அணைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து ஆட்டோ விளக்கு எரிந்து அணைந்தது. அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழுதேன்.

அன்று மாலை பெரியவர் கல்யாண வீட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் பதறி எழுதினார். தப்பு என்னுடையது என்று பதில் போட்டேன். இப்போது அவர் கையால் ‘போன் செய்துவிட்டேன்’ என்று வரும்வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.

மறுநாள் காலை தண்ணீர் வடிந்ததும் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். கண்ணெதிரே ஒரு டிராக்டர் தாண்டிப் போயிருக்கிறது. அதைக் காட்டி, ஆட்டோவில் இருந்தவர்கள் தெலுங்கிலும் தமிழிலும் அவரைக் காய்ச்சியிருக்கிறார்கள். சங்கிலிகூட இல்லையே, அப்புறம் ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

“நாலு தபா மிஸ்டு கால் குட்த்தேன். நீ திருப்பி அடிக்கல. நீ அடிக்காம நான் என்னிக்கிமே எறங்கிகீறேன்?”

போண்டா மாவு புளித்துப்போயிருந்தது. அதையே சுட்டு வைத்தேன். ஒரு குறையும் சொல்லாமல் தின்று முடித்துவிட்டு, ஆட்டோவைத் துடைக்கப் போனார்.