தொட்டிக்கு வைத்த விருந்து

குற்றாலத்தில் சீசன் வந்தால் எங்கள் தொட்டிக்கும் சீசன்தான். தென்காசிக்கு வெளியே, குப்பையிலிருந்து கரண்டு எடுக்கும் சின்ன நிலையத்தில் நான் ஆப்பரேட்டர். காய்கறிக் கழிவு, இலையில் மிஞ்சிய சோறு எல்லாவற்றையும் அரைத்துத் தொட்டிக்குள் விடுவேன். உள்ளே அது செரித்து வாயுவாகி மேலே உள்ள பலூனில் நிறையும். அதை எஞ்சினுக்கு விட்டால் தெருவிளக்கு எரியும். கேட்பவர்களிடம் விஞ்ஞானி மாதிரி விளக்குவேன். வீட்டில் ஃபியூஸ் போனால் மட்டும் வெளியாள் வர வேண்டும்.

அந்த வருஷம் முதல் சாரலோடு பழக்கடைகளிலிருந்து அன்னாசித் தோலும் அழுகிய மாம்பழமும் லோடு லோடாக வந்தன. தொட்டிக்கு இவ்வளவுதான் தீனி என்று அளவு உண்டு. எனக்கோ, மறுவீட்டு மாப்பிள்ளைக்குப் பரிமாறுவது போலக் கை தாராளமாகிவிட்டது. குப்பை பிரிக்கும் அக்கா எட்டிப் பார்த்தாள்.

“போதும்னு சொல்ல அதுக்கு வாயில்ல அண்ணாச்சி. நீங்க பாட்டுக்குக் கொட்டுதீய.”

“தின்னுட்டுப் போட்டும்க்கா. சீசன்லா.”

மூன்றாம் நாள் பலூன் தொங்கிப்போனது. உள்ளே புளிப்பு ஏறி, வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் ஒடுங்கிவிட்டன. எஞ்சின் இருமி நின்றது. தொட்டி செத்துவிட்டால் எல்லாவற்றையும் வெளியே அள்ளி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அள்ளுகிறவன் நானாக இருப்பேன்; தொடங்குகிறவன் வேறு ஆளாகத்தான் இருப்பான்.

தீனியை நிறுத்தினோம். வடகரையிலிருந்து அக்கா சாணி கொண்டுவந்தாள். அதிலுள்ள நுண்ணுயிர்களாவது உள்ளே பிழைக்கட்டும் என்று கரைத்து ஊற்றினோம். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

தொட்டிச் சுவரில் காதை வைத்து உட்கார்ந்தேன். மேற்கே மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. சாரல் விழுகிறதா, மிதக்கிறதா என்று தெரியவில்லை. சுவர் வெதுவெதுவென்று இருந்தது. கண் செருகியது. ஊரே சாப்பிட்டு எறிந்த இலைகள் இருட்டுக்குள் மெல்ல இறங்க, அவற்றோடு நானும் ஒரு அன்னாசித் தோலாக இறங்கினேன். அடியில் யாரோ என்னைப் புரட்டிப் பார்த்து, இது செரிக்காது என்று ஒதுக்கினார்கள்.

“என்ன அண்ணாச்சி, நாடி பாக்கீயளா?”

“சும்மா இருங்கக்கா. உள்ள ஏதோ சத்தம் கேக்கு.”

“அது உங்க வயிறு. நீங்கதான் மத்தியானம் சாப்பிடலையே.”

உண்மைதான். தொட்டிக்குத் துணையாகப் பட்டினி கிடப்பதென்று அன்று காலையில் சபதம் எடுத்திருந்தேன்.

அதற்கும் இரண்டு நாள் கழித்து, பலூனின் மடிப்பில் தேங்கியிருந்த சாரல் தண்ணீர் தானாக ஒரு பக்கம் வழிந்தது. யாரும் தொடவில்லை. தூங்குகிறவன் வயிறு எழுவது போல மடிப்பு நிமிர்ந்துகொண்டிருந்தது. இருவரும் நனைந்தபடி பார்த்துக்கொண்டு நின்றோம்.

அக்கா ஒரு வாளி அரைத்த கூழைக் கொண்டுவந்து வைத்தாள்.

“பாதி ஊத்துங்க.”

நான் கால்வாசி ஊற்றினேன்.