மானிட்டருக்குள் ஒரு தலைநகரம்

"அந்தக் காலத்தில்" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இன்றும் இருப்புக் கொள்ளாது. எழுந்து வெளியே போய்விடத் தோன்றும். புல் வேய்ந்த கூரைக்குக் கீழே பிறந்து, மலையை விட்டு இறங்கி வேலைக்குப் போகும் வரை அதன் அடியிலேயே தூங்கியவன் நான். மழைக்காலத்தில் எந்த இடத்தில் எந்தப் பாத்திரத்தை வைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். புல்லுக்குள்ளிருந்து தேள் விழும், பூரான் விழும், எலியைத் தேடிக்கொண்டு பாம்பும் வரும். வளைவுக்கு வளைவு பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே மேலே வந்து சேருகிறவர்கள் அந்தக் கூரையைப் பார்த்ததும், என்ன குளிர்ச்சி, என்ன நிம்மதி என்பார்கள். சாயங்கால பஸ்ஸுக்குத் தவறாமல் இறங்கியும் விடுவார்கள்.

இரண்டாயிரம் பிறந்த கையோடு நானும் இறங்கினேன். சேந்தமங்கலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ஜவ்வரிசி ஆலைக்கு பில் புத்தகம் என்று நாளெல்லாம் டைப் அடிக்க வேண்டும். முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். அவர்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக எங்கள் மலை மிளகை வாங்கி விற்று வந்தது. இவர் மட்டும் மண்டியை அண்ணனிடம் விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் வந்தவர். தங்கமான மனிதர், பழங்காலம் என்றால் மட்டும் கொஞ்சம் கிறுக்கு.

அந்தக் கிறுக்கு முற்றி ஒருநாள் சென்னைக்குப் போய், முப்பரிமாணப் படம் செய்கிற சாஃப்ட்வேர் ஒன்றை சிடியில் வாங்கி வந்தார். ஆடி மாதம் செம்மேட்டில் நடக்கும் அரசு விழாவில் நமக்கென்று ஒரு ஸ்டால் போடுகிறோம், அந்தக் காலத்தில் மலையை ஆண்ட ராஜாவின் தலைநகரத்தை அப்படியே கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டுகிறோம் என்றார். அப்படியே என்றால் எப்படி என்று கேட்டேன். மலையில் மிஞ்சியிருப்பது நாலு கல். தலைநகரம் எந்த மேட்டில் இருந்தது என்பதற்கே ஆளுக்கொரு கதை. பாய் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அந்தக் காலத்து மனுசனுக்கு என்ன தம்பி கொறை? தேனு, தெனை, சுனைத் தண்ணி. கரண்ட் பில்லு உண்டா, கடன்காரன் உண்டா?"

பல்வலி வந்தால் என்ன செய்திருப்பான் என்று கேட்டேன். மூலிகை என்றார். என் அம்மாவுக்குப் பல்வலி வந்தபோது அந்த மூலிகையெல்லாம் எங்கே ஒளிந்துகொண்டது என்று தெரியவில்லை, வலியோடு பஸ் ஏறி நாமக்கல் போனாள். ஆனால் முதலாளியிடம் எவ்வளவுதான் வாயாட முடியும்? சாஃப்ட்வேரைத் திறந்து உட்கார்ந்தேன். எரிச்சலோடு ஆரம்பித்த வேலை, போகப்போக என்னை விடவில்லை. கையை நகர்த்தினால் மதில் எழும்பியது. அருவி ஒன்றை அரண்மனைக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தேன். சாப்பாட்டு நேரத்தில்கூட எழுந்திருக்கப் பிடிக்காமல், அரண்மனைக்கு இன்னொரு வாசல் வைத்தால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த ஊரில் வாழ்ந்திருந்தால் நானும் கிழங்குதான் பிடுங்கியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கட்டினேன்.

அந்த வருஷம் சித்திரையில் மலைமேல் என் அக்கா நிஜமாகவே ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் போர்வெல் லாரியில் ஆந்திராவோ மத்தியப் பிரதேசமோ போய்விட்டு ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை வந்து முகம் காட்டிவிட்டுப் போவார். கைக்குழந்தையோடு தனியாக இருந்தவளுக்கு அரசாங்க வீடு கிடைத்தது. செங்கல் சுவர் நாலும் எழும்பிவிட்டன. மேலே கான்கிரீட் போட வேண்டிய சமயத்தில் ஊர் தடுத்துவிட்டது.

காரணம் இதுதான். எங்கள் ஊர்ச்சாமி புல் கூரைக்குக் கீழே இருக்கிறது. சாமிக்கு இல்லாத கூரை மனிதனுக்கு ஆகாது என்பது ஊர்க் கட்டு. சாமிக்கும் கூரையை மாற்றக் கூடாது, ஏனென்றால் முன்னோர் அப்படித்தான் வைத்தார்கள். பக்கத்து ஊர்களில் ஓட்டுக் கூரையும் சீட்டுக் கூரையும் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, எங்கள் ஊர் மட்டும் பிடிவாதமாக நின்றது. சுவர் வரைக்கும் விட்டார்களே, அப்போது ஏன் பேசவில்லை என்று கேட்டால், சுவரைப் பற்றிக் கட்டு ஒன்றும் இல்லையாம். சரி, புல்லாவது கிடைக்கிறதா? புல் முளைத்த சரிவெல்லாம் மரவள்ளி நட்டாகிவிட்டது. கூரை வேயத் தெரிந்த ஆண்களில் பாதிப் பேர் போர்வெல் லாரியில். ஒரு வீட்டை வேய வேண்டுமென்றால் ஊர் ஊராகப் போய்க் கெஞ்ச வேண்டும். அக்கா கெஞ்சி அலுத்துப் போயிருந்தாள். ஐப்பசி மழைக்குள் அந்தச் சுவர்களுக்கு மேல் ஏதாவது வர வேண்டும், இல்லையென்றால் பழைய குடிசையில் குழந்தையை வைத்துக்கொண்டு இன்னொரு மழைக்காலம் தாங்காது. அது போன மழையிலேயே ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது.

கீழே மானிட்டருக்குள் எனக்கும் கூரையில்தான் சிக்கல். பாய் கேட்டது புல் கூரை. புல்லை இழை இழையாகச் செய்து ஒரு வீட்டுக்கு மேல் வைத்தால் போதும், எங்கள் கம்ப்யூட்டர் மூச்சுவிடாமல் அப்படியே நின்றுவிடும். அணைத்துப் போட்டால் அதுவரை செய்ததும் போய்விடும். கடைசியில் தூரத்து வீடுகளுக்குப் புல்லைப் போல ஒரு படத்தை ஒட்டி ஒப்பேற்றினேன். நகரத்தின் நடுவில் இருந்த கோயிலுக்கு அது ஒத்துவரவில்லை, காட்சி அதற்கு மிகப் பக்கத்தில் போய்ச் சுற்றி வரும், வேஷம் கலைந்துவிடும். ஆகவே கோயிலுக்குச் சிவப்பு ஓடு போட்டேன். சிடியில் இருந்ததே ஏதோ ஒரு வெள்ளைக்கார நாட்டு ஓடுதான். பாய்க்கு முகம் வாடியது, ஆனால் ஓட்டின் மேல் வெயில் படுவதைப் பார்த்ததும் சமாதானமாகிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மேலே போனபோது இதை அக்காவிடம் சொன்னேன். அவ்வளவு பெரிய கம்ப்யூட்டருக்குப் புல் வேய வரவில்லை என்றதும் இடுப்பில் குழந்தையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

விழாவில் எங்கள் ஸ்டாலில் கூட்டம் நெரிந்தது. ஆலத்தூர் நாடு, பைல் நாடு, எடப்புளி நாடு என்று மலையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து எட்டி எட்டிப் பார்த்தார்கள். எங்கள் ஊர்த்தலைவரும் வந்தார். ஊர்க்கவுண்டர் என்போம் அவரை. கூரை விஷயத்தில் கடைசி வார்த்தை அவருடையது. படம் முடிந்ததும் திரும்பவும் போடச் சொன்னார். கோயில் வந்த இடத்தில் மானிட்டர் பக்கமாகக் குனிந்து, சாமிக்கா ஓடு போட்டிருக்கிறது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார்.

"ராசா காலத்துல அப்படித்தானுங்க இருந்திருக்கும்."

ஊர்க்கவுண்டர் நகரவேயில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததில்லை. நம் சாமி இப்படி இருந்த சாமியா, நடுவில்தான் நாம் கெட்டுப்போய்ப் புல்லுக்கு வந்துவிட்டோமா என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சட்டென்று உறைத்தது. சாமிக்கு ஓடு என்றால் அக்காவுக்கும் கூரை. பழங்காலம் என் வாழ்க்கையில் முதல்முறையாக உருப்படியான ஒரு காரியம் செய்யப்போகிறது என்று நினைத்தேன். பஸ்ஸில் கீழே இறங்கும் வரை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அடுத்த வாரமே சாமி முன்னால் ஊர் கூடியது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்தப் பாறையில் ஏற வேண்டும், அங்கே பொய் பேசக் கூடாது. ஆண்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். பெண்கள் பின்னால் மரத்தடியில் நின்றார்கள், அவர்களில் அக்காவும் ஒருத்தி. ஊர்க்கவுண்டர் படத்தை விவரித்த விதத்தைக் கேட்டால், அந்த ராஜாவோடு கூடவே நடந்து போய் வந்தவர் என்றுதான் தோன்றும். சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீதானே பண்ணுனது கண்ணு? சாமி முன்னால சொல்லு. அந்தக் காலத்துல ஓடு இருந்துதா?"

இருந்ததுங்க என்ற சொல் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சாமியாவது கல்லாவது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு எழுந்தேன். அதற்குள் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. ஊர் கூடிய இடத்தில் பெண்கள் கேட்காமல் பேசுவது வழக்கமில்லை.

"இல்லீங்க. கம்ப்யூட்டர் பொட்டிக்குப் புல்லுக் கூரை மேய முடியலீங்க. அதனால எந்தம்பி ஓடு போட்டுட்டான்."

எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது.

"அத்தாப் பெரிய பொட்டிக்கே முடியலீங்க," என்றாள் மறுபடியும். "நான் ஒருத்தி, கைப்புள்ளய வெச்சுக்கிட்டு எப்படீங்க மேயறது?"

ஊர்க்கவுண்டர் கெட்டவர் இல்லை. முகம் சுண்டிப்போனாலும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. படக்கதையை விட்டுவிடுவோம், இந்தப் பெண்ணுக்கு வேறு கூரை ஆகுமா என்று சாமியிடமே கேட்டுவிடுவோம் என்றார். சாமிக் கல்லின் தலையில் பூ வைத்தார்கள். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் இல்லை. பூ ரொம்ப நேரம் அசையாமல் இருந்தது. ஒரு காற்று வந்தது, பூ இடப்பக்கம் விழுந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எல்லோரும் கலைந்து போனார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் கத்தினேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, உனக்கென்ன போயிற்று என்று கேட்டேன். குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டே நடந்தாள்.

"நாளைக்குப் புள்ளைக்கு ஒரு காய்ச்ச வந்தாலும், அந்தப் பொய்யாலதான் வந்துதுன்னு முழிச்சுக் கெடப்பேன் தம்பி. அந்த ஊட்டுல எனக்குத் தூக்கம் வருமா?"

என் கோபம் இன்றைக்கும் முழுதாகத் தணியவில்லை. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஐப்பசிக்கு முன்பே அக்கா குழந்தையோடு மலையை விட்டு இறங்கினாள். திருச்செங்கோட்டுப் பக்கம், அவள் வீட்டுக்காரருடைய லாரி முதலாளியின் வரிசை வீடுகளில் ஒன்றில் வாடகைக்குக் குடியேறினாள். மேலே ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு. கோடையில் உள்ளே நிற்க முடியாது, ஆனால் ஒழுகாது என்று பெருமையாகச் சொல்வாள்.

விஷயத்தைக் கேட்ட பாய் ரொம்ப நாள் என் முகத்தைப் பார்க்கத் தயங்கினார். நாம ஒரு படம்தானே தம்பி பண்ணினோம் என்று ஒருமுறை கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் அங்கே நிற்க முடியாமல் பெங்களூருக்குப் போனேன். தெரிந்த வேலை அதுதான் என்பதால், வெளிநாட்டு டிவி நிகழ்ச்சிகளுக்குப் பழைய நகரங்களைக் கட்டிக்கொடுக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். பாலைவனத்து நகரம், ஆற்றங்கரை நகரம், மண்ணுக்குள் புதைந்த நகரம் எல்லாம் கட்டினேன். அங்கிருந்த கம்ப்யூட்டர்கள் புல் கூரையை இழை இழையாக வேய்ந்தன, காற்றடித்தால் புல் அசையக்கூடச் செய்தது. மழை வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. பார்த்தவர்கள் எல்லாம் அங்கே போய் வாழ வேண்டும் போல இருக்கிறது என்றார்கள்.

சில வருடங்கள் கழித்து ஓர் ஆடி மாதத்தில் ஊருக்குப் போனேன். மலையின் ஈரம் சும்மா விடுமா? அக்காவின் சுவர்கள் பாசி பிடித்துக் கறுத்திருந்தன, ஜன்னல் வைக்க விட்டிருந்த இடத்தில் கொடி ஏறியிருந்தது. உள்ளே ஒருவர் கேமராவோடு சுற்றிக்கொண்டிருந்தார். விழாவுக்கு வந்தவர், எங்கேயோ வழி தவறி இந்தப் பக்கம் வந்துவிட்டார் போல. என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகிவிட்டார். ராஜா காலத்துக் கட்டடம்தானே இது, இங்கே யார் இருந்திருப்பார்கள் என்று கேட்டார்.

எங்கக்கா என்றேன்.

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். ஒரு போட்டோ எடுத்துக் கொடுக்க முடியுமா என்று கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய்க் கிழக்கு மூலையில் சாய்ந்து நின்றார். அங்கேதான் வேண்டும் என்று அக்கா கொத்தனாரிடம் சண்டை போட்டு வாங்கிய மூலை அது. கேமரா வழியாக அவரைப் பார்த்தேன். அந்த இடத்தில் நிற்காதீங்க, வெளியே வந்துடுங்க என்றேன். என் குரலில் என்ன கேட்டதோ, பாம்பா என்று அலறிக்கொண்டு ஒரே தாவலில் வெளியே வந்துவிட்டார்.

ஆமாங்க என்றேன். அது அக்காவின் அடுப்படி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.