ஆராதனை நடுவில் நான் போட்ட சத்தம்

இந்த வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு வந்திருக்கும் அன்பான விசுவாசிகளே, சாந்தமாகச் சாட்சி சொல்ல எனக்கு வராது. நடந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அந்த எரிச்சலோடுதான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவளத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம். எங்கள் சபையார் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். போன வருடம் தை மாதம், ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்காரர் சாமுவேல் வலையைக் கடலில் விட்டுவிட்டு வந்தார். மறுநாள் விடியுமுன்பே காற்று ஏறிவிட்டது. விட்டால் வலை கிழிந்துபோகும். கூட வர ஆள் கேட்டார். ஞாயிறு என்று ஒருத்தரும் அசையவில்லை. நானும் அவருமாகப் படகைத் தள்ளினோம். "மணி அடிக்கறதுக்குள்ள வந்துர்றேன்" என்று தனியாகப் போனார்.

ஆலய மணி அடித்தது. அவர் வரவில்லை. போன் போகவில்லை. ஊரின் மற்ற படகுகள் இருட்டோடு தொழிலுக்குப் போய்விட்டன. கரையில் கிடந்தவை எங்கள் சபைக்காரர்களின் படகுகள் மட்டும்தான்.

ஓடிப்போய் எங்கள் சபையை நடத்தும் மூப்பரிடம் சொன்னேன்.

"ஆராதன முடியட்டும்மா, போலாம். ஜெபத்துல வெச்சிக்கினுதான கீறோம்" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரி என் காதுபடவே, "ஞாயித்துக்கெழமைல கடலுக்குப் போனா இன்னா ஆவும்?" என்றாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினாள்.

மணலில் விழுந்து அழுதேன். ஜெபம் வரவில்லை, சண்டைதான் வந்தது. "ஆண்டவரே, அன்றைக்குப் புயலில் படகில் எழுந்து நின்று கடலை அதட்டினீரே, இந்த மனுஷர்களை அதட்ட உமக்கு வாய் இல்லையா? உம்முடைய நாளைச் சாக்காகச் சொல்லி என் புருஷனைச் சாக விடுகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறீரா?" இப்படிக் கேட்பது பாவமோ என்று பயந்தேன். ஆனாலும் நிறுத்தவில்லை.

கேட்கக் கேட்க அழுகை நின்றது. யாரோ தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டது போல எழுந்தேன். நேராக ஆலயத்துக்குள் போனேன். மூப்பர் என் வீட்டுக்காரருக்காகத்தான் நீளமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்று கத்தினேன்.

"முட்டி போட்டது போதும். எய்ந்து படகத் தள்ளுங்க. அவரு செத்தப்புறம் இந்த ஜெபத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

முதலில் எழுந்தவர் அந்தப் பக்கத்து வீட்டுக்காரியின் புருஷன். அப்புறம் ஒவ்வொருவராக வெள்ளைச் சட்டையோடு கரைக்கு ஓடினார்கள்.

மதியத்துக்குள் கண்டுபிடித்தார்கள். இன்ஜினில் வலைக்கயிறு சுற்றி, படகு கவிழ்ந்து, ஒரு காலிக் கேனைக் கட்டிக்கொண்டு மிதந்திருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கை விட்டிருக்கும் என்று தூக்கியவர்களே சொன்னார்கள். வரும்போதே நடந்ததை அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கரையில் கண் திறந்து என்னைப் பார்த்ததும், "நீ கத்துனது அங்க வரிக்கும் கேட்டுச்சு" என்றார். அந்த நிலையிலும் கிண்டல்.

ஆராதனையைக் குலைத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அடுத்த வாரம் சிலர் சொன்னார்கள். கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். மாமியார் முன்னால் குரல் உயர்த்தாதவள் நான். அந்தச் சத்தம் என்னுடையது இல்லை, கர்த்தர் கொடுத்தது. இப்போது ஞாயிறுதோறும் ஒரு படகு டீசல் ஊற்றித் தயாராக நிற்கிறது. மூப்பரே ஏற்பாடு செய்தார். அதற்கு அவருக்கு நன்றி.

உங்களுக்கும் சொல்கிறேன். நல்ல வார்த்தை தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கோபம் வந்தால் கோபத்தோடே அவரிடம் போங்கள். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார், கைவிடவும் மாட்டார். இன்று காலையும் என் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கிறார். அவருக்கும் சேர்த்து உலை வைத்துவிட்டுத்தான் இங்கே வந்து நிற்கிறேன்.