ஒட்டிய பல்

அக்காவின் முன்பல் உடைந்தபோது எனக்கு எட்டு வயது. திருவில்லிபுத்தூரில் எங்கள் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாயடியில் வரிசை மெதுவாக நகர்ந்தது. எனக்குத் தாகம். முன்னால் நின்ற அக்காவைப் பிடித்துத் தள்ளினேன். தொட்டி விளிம்பில் அவள் வாய் மோதியது. உடைந்த துண்டை மண்ணில் துழாவிக் கண்டெடுத்ததும் நான்தான். தடுக்கி விழுந்துவிட்டாள் என்று வீட்டில் அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

பக்கத்துத் தெருவில் பல் கட்டுகிற ஒருவர் அந்தத் துண்டைச் சிமெண்டு வைத்து ஒட்டிக் கொடுத்தார். மூன்றாம் நாள் கொய்யாப்பழத்தைக் கடித்தபோது ஒட்டிய துண்டு பழத்தோடு பெயர்ந்து வந்துவிட்டது. அதற்குப் பிறகு அக்கா வாயைப் பொத்திக்கொண்டே பேசினாள். சிரிப்பதை அடியோடு விட்டுவிட்டாள்.

துண்டைத் தண்ணீர் நிரப்பிய சின்னப் புட்டியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, அம்மா எங்களை ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போனாள். அங்கே ஒரு பல் டாக்டரம்மா. அந்தச் சிமெண்டு மட்டமானதா என்று அம்மா கேட்டாள்.

“சிமெண்டு மேல தப்பில்லக்கா. வழவழன்னு இருக்குற பல்லுல எதுவும் பிடிக்காது. ஒட்டுற இடத்தை மொதல்ல தயார் பண்ணணும்” என்றார் அவர்.

பழைய சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஊசிக்குழாயிலிருந்து நீலப் பசை ஒன்றைப் பல்லின் மேல் வைத்தார். அது ஆசிட் என்று தெரிந்ததும் அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குழிகளை அது உண்டாக்கும், ஒட்டுகிற மருந்து அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொன்னார். மனதுக்குள் எண்ணியபடி காத்திருந்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, காற்றடித்தார். பளபளத்த பல் சாக்பீஸ் மாதிரி வெளுத்துப் போயிருந்தது. நான் மூச்சுவிட மறந்தேன்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் நாக்கு அதன் மேல் பட்டுவிட்டது.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பல் அப்படியேதான் இருந்தது. டாக்டரம்மா மட்டும் கையை எடுத்துவிட்டார். “எச்சில் பட்டுருச்சு, இனி மருந்து பிடிக்காது. பரவாயில்ல, மொதல்லருந்து பண்ணுவோம். செத்த நேரம் நாக்கை அசைக்காம இரு தாயி” என்றார். புதுப்பஞ்சு, மறுபடி நீலப் பசை, மறுபடி கழுவல், மறுபடி காற்று. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் கையில் அவசரமே இல்லை.

பிறகு துண்டுக்கும் அதே பூசை நடந்தது. மருந்து தடவிப் பல்லில் பொருத்தி, நீல விளக்கைக் காட்டினார். பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் விரலிடுக்கில் பார்த்தேன். விளக்கு அணைந்தபோது பல் முழுசாக இருந்தது. எங்கே உடைந்தது என்று எவ்வளவு உற்றுப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. கோயில் கோபுரத்தைக்கூட நான் அப்படி அண்ணாந்து பார்த்ததில்லை.

கடைசியில் சீட்டு எழுதும்போது டாக்டரம்மா கேட்டார். “எப்படி உடஞ்சது?”

நான் அம்மாவின் பின்னால் நகர்ந்துகொண்டேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

“குழாயடியில வழுக்கி விழுந்துட்டேன்.”

ஊர் திரும்பும் பஸ்ஸில் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள், இருந்தும் இத்தனை சீக்கிரம் மறந்துவிட்டாளே என்று எனக்கு ஆச்சரியமாகவும் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.