துபாய்க்கு ஒரு ராகுகாலம் தூரம்

நான் விமானத்தில் ஏறியதில்லை. விமானிகளுக்காகவும் தூரதேசம் போகிறவர்களுக்காகவும் செய்த பழைய கைக்கடிகாரங்கள் மட்டும் ஒரு பீரோத் தட்டு நிறைய வைத்திருந்தேன்.

துறைமுகத்துக்கு எதிரே ஓர் அலுவலகத்தில் வேலை. மாலுமிகள் கழற்றி விற்றுவிட்டுப் போன கடிகாரங்கள் வெளியே நடைபாதைத் துணிவிரிப்புக்கு வந்து சேரும். நானும் மாலையில் அங்கே போய்ச் சேருவேன். ஒன்றில், மிச்சமிருக்கும் எரிபொருளை வளையம் திருப்பிக் கணக்குப் போடலாம். மணலி பஸ்ஸில் போட்டுப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றில் உலக நகரங்களின் பெயர்கள். கராச்சி உண்டு, ரங்கூன் உண்டு, மதராஸ் இல்லை. எங்கள் தலைக்கு மேலே விமானி மணி பார்க்காமலே கடந்திருக்கிறான்.

எனக்குப் பிடித்தது நாலு முள் கடிகாரம். நாலாவது முள் நாளுக்கு ஒரே ஒரு சுற்று வரும். வெளி வளையத்தைத் திருப்பி வைத்தால் அது வேறொரு ஊரின் நேரத்தைக் காட்டும்.

"பீச் ஸ்டேஷன தாண்டாதவனுக்கு இன்னாத்துக்கு நைனா ஊர் ஊரா டைமு?" என்பாள் என் அக்கா.

அவளுக்கே அது தேவைப்பட்டது. திருவொற்றியூரில் அவள் மகளுக்கு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை துபாயில் வேலை. அவன் போனில் சம்மதம் சொன்னால் தட்டு மாற்றிவிடலாம். அவனுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. ராயபுரத்திலிருந்து வந்த அவன் அம்மாவுக்கு ஒரே நிபந்தனை: சம்மதத்தை ராகுகாலத்தில் சொல்லக்கூடாது. இங்கத்திய ராகுகாலமும் ஆகாது, அங்கத்தியதும் ஆகாது.

என் அக்கா மகளின் பிரச்சினை வேறு. போட்டோவைக் காட்டியதோடு சரி.

"ஒரே ஒரு தபா அவராண்ட பேசிட்டு அப்பால சொல்றேன்னா எவ்ரும் காதுல வாங்க மாட்டேன்றாங்க மாமா. குரலு எப்டி கீதுன்னு கூட தெரியாம நான் இன்னான்னு சொல்றது?"

நான் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். "முடிவான பின்ன பேசட்டும், யாரு வேணான்னா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

நேரம் பார்க்கும் பொறுப்பு மட்டும் எனக்கு வந்தது. வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால், அதாவது சரியாக ஒரு ராகுகாலம் பின்னால். இங்கே முடிகிற இடத்தில் அங்கே தொடங்கும். ஆனால் கடிகாரத்தின் வளையம் முழு மணிகளில் மட்டுமே நிற்கும். எங்கள் நாட்டின் அரை மணியை அதைச் செய்தவர்கள் கேள்விப்படவில்லை போலிருக்கிறது. ஒரு மணி பின்னால் வைத்தேன், அரையை மனதில் வைத்துக்கொள்ளலாம் என்று.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக் கூடத்தில் எல்லோர் கண்ணும் என் மணிக்கட்டில் இருந்தது. எண்ணூர்ப் பக்கம் போகும் கன்டெய்னர் லாரிகளில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நாலாவது முள் வளையத்தின் பன்னிரண்டைத் தாண்டியது.

"குடுக்கலாம்" என்றேன்.

மிஸ்டு கால் கொடுத்தார்கள். உடனே அவன் கூப்பிட்டான். "சொல்லுடா" என்றார் அவன் அம்மா. கேட்டார். பிறகு ரிசீவரின் வாயைக் கையால் பொத்தினார்.

"அங்க பதினொன்னரதான் ஆவுதாம். ராகுகாலம் இன்னும் அர மணி கீது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அரை மணி என் மனதில்தான் இருந்தது, எடுக்க மறந்திருந்தேன்.

போனை வைக்கவும் பயம். வெள்ளிக்கிழமையில் லைன் மறுபடி கிடைப்பது சந்தேகம். யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அம்மா பேசினால் பேச்சு கல்யாணத்துக்குத்தான் போகும். அது சம்மதத்தில் போய் நிற்கும்.

"பொண்ணு கைல குடுங்க. சும்மா ஏதாச்சும் பேசிகினு இருக்கட்டும்" என்றாள் அக்கா.

மாப்பிள்ளையின் அம்மா யோசித்தார். "கல்யாணப் பேச்சு மட்டும் எடுக்கக்கூடாது" என்று சொல்லிக் கொடுத்தார்.

அக்கா மகள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ரூமில் எத்தனை பேர் என்று கேட்டாள். சமையல் யார் என்று கேட்டாள். "நீங்களா? மீன் கழுவத் தெரியுமா?" என்றாள். கேட்டுக்கொண்டே சுவரோரம் நகர்ந்தாள், போன் வயர் விட்டவரை. ஒருமுறை சிரித்தாள். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றாள். காத்திருந்த நாங்கள் தட்டிலிருந்த வெற்றிலையின் மேல் தண்ணீர் தெளித்தோம். மின்விசிறி சுற்றியது. ராகுகாலம் இவ்வளவு சாதுவாகக் கழிந்து நான் கண்டதில்லை.

"முடிஞ்சிச்சாம்" என்று அவளே ரிசீவரை நீட்டினாள். அவன் அம்மாவிடம் சம்மதம் சொன்னான். அம்மா எங்கள் பக்கம் தலையாட்டினார். அக்கா தட்டைத் தூக்கினாள்.

"இரும்மா" என்றாள் மகள். என்னிடம் திரும்பினாள். "மாமா, இப்ப ரெண்டு ஊருக்கும் நல்ல நேரந்தான?"

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். "நல்ல நேரந்தான்."

"அப்ப எனக்கும் சரி."

அக்கா தட்டோடு என்னைக் கடந்தாள். "அத்த கழட்டி பாக்கெட்டுல போடு நைனா. அடுத்து முகூர்த்தம் வேற குறிக்கணும்."